ஊருணி: வறநிலக் குடிநீர்க் காப்பின் வரலாறு

தமிழகத்து நீர்நிலைகளைப் பற்றி இதுகாறும் வெளிவந்துள்ள ஆராய்ச்சிகளுள் மிகப் பல பாசனத்தைப் பற்றியனவே. ஏரி, மடை, கலிங்கு, வாய்க்கால், நீர்ப்பங்கீடு ஆகியவற்றைக் கல்வெட்டறிஞரும் வரலாற்றாசிரியரும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். உழவுக்குரிய நீர் வேறு, உண்ணுதற்குரிய நீர் வேறு என்பதும், பின்னையதற்கெனத் தனி நீர்நிலையும் தனி நெறியும் இருந்தன என்பதும் அவ்வாராய்ச்சிகளில் ஓரிரு வரிகளோடு அமைந்துவிடுகின்றன. நாம் ஈண்டு ஆராயப் புகுவது அவ்வுண்ணுநீரின் வரலாறு. அதிலும் நீரின் அளவைப் பற்றியன்றி, அதன் தூய்மையை மக்கள் எவ்வாறு காத்தனர், எங்கே காவாது விட்டனர் என்பதைப் பற்றியே கூறக் கருதுகின்றோம். பழைய இராமநாதபுரச் சீமையையும் அதனை அடுத்த புதுக்கோட்டைப் பகுதியையும் இதற்குக் களமாகக் கொள்வோம்.

இச்சீமையில் மழை அறவே இல்லை என்று கருதுதல் பிழை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அங்குப் பெய்யவே செய்கின்றது. ஆயினும், பெரும்பகுதி சில நாள்களிலேயே பெய்து முடிந்துவிடும். ஆண்டின் எஞ்சிய திங்கள்களை அந்நீரைக் கொண்டே கழித்தல் வேண்டும். வைகை மதுரையைக் கடந்தபின் வழிநெடுகக் கண்மாய்களுக்குத் தன் நீரைப் பகிர்ந்தளித்து, எஞ்சியதை இராமநாதபுரம் பெரிய கண்மாயிற் சேர்க்கும். நிலத்தடி நீரோ பல இடங்களில் உவர்ப்புடையது. கடலோரச் சிற்றூர்களில் மணலிற் குழி தோண்டி, ஊறிவரும் சிறிதளவு நன்னீரைச் சிரட்டையால் முகந்து குடத்தை நிரப்புவர். ஒரு குடம் நிரம்ப நெடும்பொழுது செல்லும். இத்தகைய நிலத்தில் ஆழக் கிணறு வெட்டுவதால் மட்டும் குடிநீர் கிடைத்துவிடாது. பெய்யும் மழைநீரைத் தனியே பிடித்து வைத்துக் காத்தலே உயிர்வாழ வழி. அவ்வாறு காக்கப்பட்ட நீர்நிலையே ஊருணி.

ஊருணி என்னும் சொல்லை முதற்கண் நோக்குவோம். ஊர், உண், இ என்னும் மூன்றும் சேர்ந்து இச்சொல் அமைந்தது. ‘மண்வெட்டி’ என்பதில் இகர விகுதி கருவிப்பொருளைத் தந்து நிற்கின்றது. ஊருணியிலோ அது செயப்படுபொருளைத் தந்து, ஊராரால் உண்ணப்படுவது என்னும் பொருளை உணர்த்துகின்றது. திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் (குறள் 215) பேரறிவாளனது செல்வத்திற்கு ஊருணியில் நீர் நிறைதலை உவமையாக்கினார். பரிமேலழகரும் ஊரில் வாழ்வார் தண்ணீருண்ணும் குளம் என்றே உரை வகுத்தார். ஏரியையோ ஆற்றையோ கூறாது ஊருணியை வள்ளுவர் தேர்ந்தமை கருதற்குரியது. ஏரிநீர் நிலமுடையார்க்கு அவரவர் நிலத்தளவிற்கேற்பப் பங்கிடப்படுவது. ஊருணி நீருக்கோ நிலக்கணக்கு இல்லை. தாகமுடையார் அனைவர்க்கும் அஃது உரியது. உவமையின் உயிர்நிலை இதுவேயாம்.

இன்று பேச்சு வழக்கில் இச்சொல் ‘ஊரணி’ எனத் திரிந்துவிட்டது. அரசுப் பதிவேடுகளிலும் அவ்வாறே எழுதுகின்றனர். ஊருக்கு அணியாவது ஊரணி என்று விளக்கம் கூறுவாரும் உளர். கேட்பதற்கு அவ்விளக்கம் இனிதே; ஆனால் ‘உண்’ என்னும் பகுதி மறைந்தவுடன், அந்நீர் நிலை எதற்காக வெட்டப்பட்டதோ அந்நோக்கமும் பெயரினின்றும் மறைந்துவிடுகின்றது.

அமைப்பு முறையாலும் ஊருணி கண்மாயின் வேறானது. கண்மாய்க்கு மடை உண்டு. ஊருணிக்கு மடை இல்லை. அதிலிருந்து எந்த வயலுக்கும் நீர் பாய்வதில்லை. ஊரின் மேட்டுப்பகுதியிலிருந்தோ கண்மாயிலிருந்தோ வரத்துக்கால் வழியாக நீர் வந்து நிறையும். ஆடுமாடு இறங்காதபடி கரையில் முள்வேலி இடுதலும், குளித்தற்கும் துவைத்தற்கும் வேறு குளத்தை வைத்துக்கொள்ளுதலும் முறையாக நடந்த ஊர்களின் வழக்கமாகும். காரைக்குடி, தேவகோட்டை முதலிய நகரத்தார் ஊர்களில் நாற்புறமும் கல்லால் கரை கட்டிய ஊருணிகளை இன்றும் காணலாம். வீட்டுக்கூரையிலும் தெருவிலும் விழும் மழைநீர் வாய்க்கால்களின் வழியே அவற்றைச் சென்றடையுமாறு அவ்வூர்களை அமைத்தனர்.

இனி, தூய நீர் பற்றிய எண்ணம் பழைய நூல்களில் எவ்வாறு காணப்படுகின்றது என்பதை ஆராய்வோம். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் (203) தலைவி தன் தோழியிடம் தலைவனது நாட்டு நீரைப் புகழ்கின்றாள். தழை மூடிய பள்ளத்தில், மான் உண்டு எஞ்சிய கலங்கல் நீர், தன் வீட்டுத் தோட்டத்தின் தேன் கலந்த பாலைவிட இனிதாயிருந்தது என்பது அவள் கூற்று. காதலின் பெருமையை இதனினும் நன்கு உரைத்தல் அரிது. உரையாசிரியர்கள் அச்சுவையிலேயே திளைத்தனர், அது தக்கதே. வரலாறு காண்பார்க்கு இப்பாட்டு மற்றொன்றையும் உரைக்கின்றது. மனிதரும் விலங்கும் ஒரே பள்ளத்து நீரை உண்டனர், அப்பள்ளத்திற்கு வேலியில்லை, தழை விழுந்து மூடிக்கிடந்தது. கூவல் என அப்பாட்டில் வழங்கும் இந்நிலையினின்றும், விலங்கும் காலும் புகாத ஊருணி என்னும் நிலையை எய்துதற்கு மக்கள் மேற்கொண்ட முயற்சி எளிதன்று.

கலங்கல் நீரைத் தெளிவிக்கும் வழியையும் பழந்தமிழர் அறிந்திருந்தனர். கலத்தினுட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்தால் கலங்கிய நீரின் மண் அடியிற் படிந்துவிடும். தேற்றாவிற்கு இல்லம் என்பதும் பெயர். அதன் வித்தால் நீர் தெளிதலை நெய்தற்கலி, பிரிவால் கலங்கிய தலைவியின் நெஞ்சம் தெளிதற்கு உவமையாக்குகின்றது. பிறர் அறியாத செய்தியை உவமையாகக் கூறார் ஆதலின், இவ்வழக்கம் அக்காலத்தில் பலரும் அறிந்ததொன்று என்பது பெறப்படும். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை ஈண்டு மறத்தலாகாது. கண்ணுக்குத் தெளிந்த நீரிலும் நோய் உறைதல் கூடும். இவ்வேறுபாட்டைத் தமிழ்நாடு எத்துணைத் துன்பத்தின் வாயிலாக அறிந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தூய்மை பற்றிய வெளிப்படையான விதிகளைப் பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவையிற் காண்கின்றோம். புல், பயிர், சாணம், சுடலை, வழி, நீர்த்துறை, கோயில், நிழல், ஆனிரை நிற்குமிடம், சாம்பல் ஆகிய பத்திடங்களில் எச்சில் உமிழ்தலும் மலசலங் கழித்தலும் ஆகா என்பது அந்நூலின் ஒரு விதி. நீராடுங்கால் நீந்துதலும், உமிழ்தலும், விளையாடுதலும் ஆகா என்பது மற்றொன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் இலக்கியச் சுவை குன்றியது என இந்நூலை ஒதுக்குவார் பலர். நாம் அவ்வாறு ஒதுக்கத் துணியோம். நீர்த்துறையை மலத்தினின்றும் விலக்கிக் காக்க வேண்டும் என்பதைத் தமிழில் இத்துணைத் தெளிவாக விதித்த பழைய நூல் வேறொன்றை எளிதிற் காட்டல் இயலாது. ஆயினும், இவ்விதிகள் தனிமனிதனின் ஒழுக்கமாகக் கூறப்பட்டனவேயன்றி, ஓர் ஊரின் பொதுக் கடமையாகக் கூறப்பட்டில. இன்ன துறையை இன்னார் காத்தல் வேண்டும், தவறினார்க்கு இன்ன தண்டம் என்பது அந்நூலின் பொருளன்று.

பொதுக் கடமையை நாடிக் கல்வெட்டுகளை நோக்கினால், அங்கும் ஒரு வியப்பு நேர்கின்றது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றிற்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. குடிநீருக்கென ஒரு வாரியம் அவற்றுள் கூறப்படவில்லை. இதனால் அக்காலத்தார் குடிநீரைப் பொருட்படுத்தவில்லை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. வரியும் விளைவும் தரும் நீருக்கே ஆவணம் பெருகும். ஊருணி ஒரு காணி நிலத்தையும் விளைவிப்பதில்லை. எனவே அதைப் பற்றி எழுதவேண்டிய தேவை ஆட்சியாளர்க்குக் குறைவாகவே இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலும் இதுவே நிகழ்ந்தது. குடிமராமத்தைச் சட்டத்தால் நிலைநிறுத்தக் கருதி 1858ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பெற்ற சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வெள்ளத்தால் நேரும் கேட்டைத் தடுப்பதையும் பாசனப் பணிகளையுமே கருத்திற்கொண்டது. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபின், பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் சென்றன. ஊருணியோ, வருவாய் குறைந்த ஊராட்சியின் பொறுப்பில் வந்து நின்றது.

கொடையாக அமைந்த நீர்நிலைகளின் நிலை வேறு. திருவெள்ளறையில், பல்லவன் தந்திவர்மன் காலத்தில், கம்பன் அரையன் என்பான் வெட்டுவித்த மாற்பிடுகு பெருங்கிணறு இதற்குச் சிறந்த சான்று. நான்கு திசையினின்றும் படிகள் திரும்பித் திரும்பி நீர்மட்டத்திற்கு இறங்கும் அதன் அமைப்பைக் கண்டு வியவாதார் இல்லை. நீர் எத்துணைத் தாழ்ந்தாலும் கயிறின்றி, பிறர் உதவியின்றி, முதியோரும் சிறாரும் இறங்கி நீர் முகக்கலாம். வறட்சி மிக்க நாட்டில் இஃது ஓர் அருஞ்செயலே. ஆனால் அப்படிகளே கேட்டிற்கும் வழியாயின. மனிதனின் கால் நீரைத் தொடுமாறு அமைந்த கிணறு, காலில் உள்ள நோயையும் நீருக்குத் தரும். இக்கூற்றிற்குச் சான்று நரம்புச் சிலந்தி என்னும் நோய்.

‘சிலந்தி’ என்னும் சொல் எட்டுக்காற் பூச்சியையேயன்றிக் கட்டியையும் குறிக்கும். கட்டி உடைந்து அதனுள்ளிருந்து நரம்பு போன்றதொன்று வெளிவருதலின் நரம்புச் சிலந்தி எனத் தமிழர் வழங்கினர். வடநாட்டில் ‘நாரு’ என்பர். வெளிவருவது நரம்பன்று, நாருமன்று. மூன்றடி வரை வளரும் ஒரு புழு. இதனைச் சிறு குச்சியிற் சுற்றி, நாளொன்றுக்குச் சிறிதளவாக, அறுந்துவிடாமல் வெளியே இழுப்பதே பண்டைய மருத்துவம். இன்றுவரை இதற்கு மருந்தோ தடுப்பூசியோ கண்டறியப்படவில்லை.

புழு உடலுட் புகுந்த வழியை அறிய நெடுங்காலம் ஆயிற்று. 1870ஆம் ஆண்டளவில் துருக்கித்தானத்தில் ஆராய்ந்த இரசிய அறிஞர் ஃபெட்சென்கோ, சைக்ளாப்ஸ் என்னும் நீர்ச் சிற்றுயிர் இப்புழுவின் குஞ்சுகளை உட்கொண்டு சுமக்கின்றது எனக் கண்டார். அச்சிற்றுயிர் கலந்த நீரைப் பருகுவோரின் உடலில் குஞ்சு தங்கி வளர்கின்றது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, பெரும்பாலும் காலில், கொப்புளம் எழும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலை நீரில் நனைப்பான். அக்கணமே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். அந்நீரை மீண்டும் பிறர் பருகுவர். இவ்வட்டத்தில் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. இந்நோய் பெருகுவதற்கு இரண்டு வேண்டும்: மனிதன் நீரில் இறங்குதல், அதே நீரைப் பருகுதல். இவ்விரண்டையும் பிரித்துவிட்டால் புழுவின் குலமே அற்றுப்போகும். கோடையில் நீர் சுருங்கும்போது சிற்றுயிர் செறியும். அடிமட்டம் வரை இறங்கி முகக்கவும் நேரும். ஆகவே படிக்கிணற்று ஊர்களில் வறட்சி மிகுந்த திங்கள்களே நோய் மிகத் தொற்றும் காலமாயின. ஓராண்டு கழித்து அதே பருவத்தில் புழு வெளிவரும். வேலைக்குச் செல்லவேண்டிய உழவன் வாரக்கணக்கில் கிடப்பான். சாவை விளைவித்தல் அரிது. ஆயினும் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவைப் பறிக்க இந்நோய் போதும்.

இந்தியாவில் இந்நோய் ஏழு மாநிலங்களில் வேரூன்றியிருந்தது. தமிழகம் அவற்றுள் ஒன்று. 1983-84ஆம் ஆண்டில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது நாடு முழுவதும் நோயுற்றோர் ஏறத்தாழ 40,000 பேர். தமிழகம் 1980களின் முற்பகுதியிலேயே நோய் நீங்கிற்று. கடைசி நோயாளி 1996ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராசத்தானத்தில் காணப்பட்டார். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா இந்நோய் அற்ற நாடு எனச் சான்று பெற்றது. இவ்வெற்றிக்குக் கையாண்ட வழிகள் யாவும் எளியவை. படிக்கிணறுகளை மூடினர், அல்லது கைப்பிடிச் சுவர் எழுப்பி இறைகிணறுகளாக மாற்றினர். கைப்பம்பு அமைத்தனர். நீரில் மருந்திட்டுச் சிற்றுயிரைக் கொன்றனர். நீரை நெருங்கிய இழையுள்ள துணியில் வடித்துப் பருகுமாறு வீடுதோறும் சென்று கூறினர். (கொல்லாமை கருதி நீரைத் துணியில் வடித்துண்ட சமணர் இந்நோய்க்கு எதிரான காப்பொன்றை அறியாமலே கைக்கொண்டிருந்தனர் என்பதை ஈண்டுக் குறிப்பிடலாம்.) 1970களின் பிற்பகுதியிலிருந்து சென்னையில் உற்பத்தியான இந்தியா மார்க்-2 கைப்பம்பின் சிறப்பு அதன் ஆழம் மட்டுமன்று, மனிதனின் கால் நீரைத் தொட அஃது இடந்தருவதில்லை. ஊருணிக்கு வேலியிட்ட பழைய ஊரார் கருதியதும் இதனையே என்று நாம் துணிகின்றோம். புழுவின் வரலாற்றை அவர் அறியார். ஆயினும் உண்ணும் நீரில் இறங்கலாகாது என்பதை அறிந்திருந்தனர்.

இவ்வளவில் நிறுத்தினால் பழமையைப் போற்றும் கட்டுரையாக இது முடிந்துவிடும். ஊருணிக்கு மற்றொரு வேலியும் இருந்தது. அது முள்ளால் ஆனதன்று. இராசராசனது தஞ்சைக் கல்வெட்டு, வரி நீங்கிய இடங்களைக் கூறுங்கால் ஊர்நத்தத்தையும் பறைச்சேரியையும் கம்மாணச்சேரியையும் தனித்தனியே எண்ணுகின்றது. குடியிருப்பே வேறு வேறாகப் பிரிந்திருந்த ஊரில், உண்ணும் நீர் ஒன்றாக இருந்திருக்கும் என்று எதிர்பார்த்தல் அரிது. பிற்காலத்து நிலை ஐயத்திற்கு இடமின்றித் தெரிகின்றது. காக்கப்பட்ட நீருக்கு அருகில் வரக்கூடாதார் என ஒரு மக்கட் பகுதியை ஒதுக்கினர். அவர்கள் காவாத நீரையே, மாடும் மனிதரும் இறங்கும் குட்டை நீரையே, பருக நேர்ந்தது. தூய்மை என்னும் சொல் நீரைவிட்டு மனிதர்மேல் ஏறிய இடம் இது. நோயைத் தடுக்க வேண்டிய விலக்கு, நோயை ஒரு சாரார்க்கே உரியதாக்கிற்று. ஊருணியின் சிறப்பைப் பேசும் கட்டுரைகள் பல இதனைக் கூறாது செல்கின்றன. குறள் காட்டும் உவமையை ஏற்பார்க்கு இவ்வாறு கடந்து செல்லுதல் தகாது. ஊரார் என்னும் சொல்லில் யார் யார் அடங்குவர் என்னும் வினா அவ்வுவமையிலேயே உள்ளது.

இவ்விலக்கை நீக்கும் முயற்சி சட்டமன்றத்தில் 1924ஆம் ஆண்டில் தொடங்கியது. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எவ்வகுப்பாரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையிற் கொணர்ந்தார், அது நிறைவேறிற்று. மராட்டிய நாட்டு மகாடு என்னும் ஊரின் பொதுக்குளத்தில் அம்பேத்கர் மக்களோடு சென்று நீரருந்தியது இதற்கு மூன்றாண்டு பிற்பட்டது (1927). எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் 1938ஆம் ஆண்டிற் சட்டம் ஒன்று பிறந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, 15ஆம் பிரிவில் கிணறு, குளம், நீராடுதுறை ஆகியவற்றைப் பெயர் கூறியே குறிக்கின்றது. உயர்ந்த கொள்கைகளை விரிக்கும் ஓர் ஆவணத்தில் கிணறும் குளமும் இடம்பெற்றமை, நம் நாட்டின் வரலாறு அறிந்தார்க்கு வியப்பன்று.

பின்வந்த மாற்றங்களைச் சுருங்கக் கூறலாம். 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. உவர்நிலத்தில் அவை பெரிதும் பயன்படவில்லை. 2009ஆம் ஆண்டில் காவிரி நீரை இராமநாதபுரம் வரை கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயற்பட்டது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரை வீட்டுக் குழாயில் தருவதைக் குறிக்கோளாகக் கொண்டது. குழாய் வந்த ஊர்களில் ஊருணி கவனிப்பாரற்றுப் போயிற்று. வரத்துக்கால் தூர்ந்தது, சீமைக்கருவேலம் கரையை மூடியது, வரத்து நிலமே திறந்தவெளிக் கழிப்பிடமாகிய ஊர்களும் உண்டு. அங்கு முதல் மழை ஊருணிக்குக் கொணர்வது நீரை மட்டுமன்று. குழாயில் நீர் வாராத நாளில் அவ்வூரார் மீண்டும் அதே ஊருணியை நாடுகின்றனர். மதுரையைச் சார்ந்த தானம் அறக்கட்டளை போன்றவை, ஊராரைச் சேர்த்துக்கொண்டு, சில ஊருணிகளைத் தூர்வாரி, வேலியிட்டு, வடிகட்டியும் கைப்பம்பும் அமைத்து மீட்டுள்ளன. நீருள் இறங்காது கரையில் நின்றே முகக்கும் வழி இவ்வூருணிகளில் மீண்டும் அமைந்தது.

குழாய் வந்ததனாலேயே பழைய வேலி நீங்கிவிட்டதெனக் கொள்ளுதல் இயலாது. புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் இனத்தார் வாழும் பகுதிக்கு நீர் வழங்கிய மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது 2022ஆம் ஆண்டு டிசம்பரில் தெரியவந்தது. அத்தொட்டி உயரத்தில் இருந்தது. அதனுள் எவரது காலும் படுவதற்கு வழியில்லை. பொறியியலார் செய்யக்கூடிய காப்பு அனைத்தும் அதற்கு இருந்தது.

இத்துறையில் ஆராயப் புகும் முதுகலை மாணவர்க்குச் செய்யவேண்டிய பணி மிகுதியும் உண்டு. தொல்லியல் துறையார் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளில், நிலவெல்லை கூறும் பகுதிகளில் வரும் ஊருணி, கேணி, கூவல், கிணறு ஆகிய பெயர்களை இடமும் காலமும் குறித்துத் தொகுத்தல் வேண்டும். ஊர்தோறும் சென்று, இன்ன ஊருணியில் இன்னார் நீரெடுத்தனர், இன்னார் எங்கே எடுத்தனர், காவல் யாருடையது, கோடையில் ஒரு வீட்டிற்கு எத்தனை குடம் என்பனவற்றை முதியவர்களிடம், சிறப்பாக நீர் சுமந்த பெண்டிரிடம், கேட்டு எழுதுதல் வேண்டும். ஒரே ஊரில் ஊர்நத்தத்திலும் சேரியிலும் தனித்தனியே கேட்டால்தான் இவ்வினாக்களுக்கு முழு விடை கிடைக்கும். எழுபது வயதைக் கடந்தோரின் நினைவிலேயே இச்செய்திகள் இன்று எஞ்சியுள்ளன.